கால்-கை வலிப்பு மருத்துவ இடைவெளி

கால்-கை வலிப்பு மருத்துவ இடைவெளி என்பது ஒரு நாட்டில் அல்லது பகுதியில் வலிப்பு நோயுடன் வாழ்பவர்களுள், தகுந்த மருத்துவம் கிடைக்காதவர்கள் எத்தனை விழுக்காட்டினர் என்பதைக் காட்டும் அளவீடு ஆகும். நூறு பேருக்கு நோய் இருந்து, அவர்களுள் முப்பது பேர் மட்டுமே உரிய மருந்தை உட்கொண்டால், அப்பகுதியின் மருத்துவ இடைவெளி 70 விழுக்காடு எனக் கொள்ளப்படும். இக்கணக்கில் "நடப்பு வலிப்பு நோய்" உள்ளவர்களே சேர்க்கப்படுகின்றனர். எப்போதோ ஒருமுறை வலிப்பு வந்து, பின்னர் பல ஆண்டுகள் நலமாக இருப்பவர்கள் இதில் அடங்கமாட்டார்கள்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் கால்-கை வலிப்புடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அவர்களுள் 80 விழுக்காட்டினர் குறைந்த அல்லது நடுத்தர வருமானம் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால், நோயாளிகளுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். ஆயினும் ஏழை நாடுகளில் நால்வருள் மூவருக்கு மருத்துவம் கிடைப்பதில்லை. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வருமானம் மிகுந்த நாடுகளில் இவ்விடைவெளி 10 விழுக்காட்டுக்கும் குறைவு. குறைந்த வருமான நாடுகள் பெரும்பாலானவற்றில் 75 விழுக்காட்டுக்கும் அதிகம்.

இந்த வேறுபாட்டுக்கு மருந்தின் விலை மட்டும் காரணம் அன்று. அடிப்படை மருந்தின் விலை ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 அமெரிக்க டாலர் மட்டுமே. மருந்து நோயாளியின் வீட்டைச் சென்றடையும் வழியில்தான் இடைவெளி உண்டாகிறது. அவ்வழியில் எங்கெங்கே அறுபடுகிறது, எவ்வாறு இணைக்க முடிந்தது என்பதற்குச் சீனாவின் ஊரகப் பகுதிகளில் நடந்த செயற்றிட்டம் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

நோயும் அதன் காரணிகளும்

மூளையின் நரம்பு உயிரணுக்கள் அளவுக்கு மீறி ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடுவதால் வலிப்பு உண்டாகிறது. இவ்வாறு தூண்டுதல் இன்றி மீண்டும் மீண்டும் வரும் இயல்பே கால்-கை வலிப்பு நோய் எனப்படுகிறது. உடல் முழுவதும் விறைத்து உதறும் வகையே பலருக்கும் தெரிந்தது. சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்பதும், ஒரு கை மட்டும் துடிப்பதும் இந்நோயின் வகைகளே.

வளம் குறைந்த பகுதிகளில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு அங்குள்ள வாழ்நிலையே முதன்மைக் காரணம். பேறுகாலத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக்காய்ச்சல், மூளையைத் தாக்கும் மலேரியா, சாலை விபத்தில் தலைக் காயம் ஆகியவை மூளையில் தழும்பை விட்டுச் செல்கின்றன. பன்றி நாடாப்புழுவின் முட்டை கலந்த உணவையோ நீரையோ உட்கொள்வோரின் மூளையில் அப்புழுவின் இளம்பருவம் கட்டிகளாகத் தங்குகிறது. இப்புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அதுவே காரணம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. கழிவறை, தூய குடிநீர், பாதுகாப்பான பேறுகால மருத்துவம் ஆகியவற்றால் தடுக்கக்கூடிய வலிப்பு நோய்கள் மொத்தத்தில் கால்பங்கு என்பர்.

மருத்துவம் பெறாதவருக்கு இந்நோய் உயிராபத்து உள்ளதாகும். நீரில் மூழ்குதல், அடுப்பில் விழுதல், நிற்காமல் தொடரும் வலிப்பு ஆகியன இறப்புக்குக் காரணமாகின்றன.

நூறாண்டு கடந்த ஒரு மருந்து

1912 ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆல்பிரெட் அவுப்ட்மன், நோயாளிகள் இரவில் உறங்குவதற்காகப் பீனோபார்பிட்டால் என்ற மருந்தைக் கொடுத்து வந்தார். அதை உட்கொண்ட வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பு வருவதும் குறைந்ததை அவர் கவனித்தார். இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ள வலிப்பு மருந்துகளுள் மிகப் பழையது இதுவே. 1938 இல் பெனிட்டாயின் வந்தது. பின்னர் கார்பமசெப்பைன், வால்புரோயேட்டு ஆகியவை வந்தன. இந்நான்கும் உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

ஊரக மருத்துவத்துக்குப் பீனோபார்பிட்டாலிடம் சில வசதிகள் உண்டு. அது மிக மலிவானது. உடலில் இருந்து மெதுவாகவே வெளியேறுவதால் நாளொன்றுக்கு ஒரு வேளை உட்கொண்டால் போதும். பலவகை வலிப்புகளுக்கும் அது பயன்படுகிறது.

அதே நேரம் செல்வ நாடுகளின் மருத்துவர்கள் இம்மருந்தை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டனர். தூக்கக் கலக்கம், குழந்தைகளிடம் அமைதியின்மை, கற்றலில் மந்தம் ஆகியவற்றை அவர்கள் காரணமாகக் காட்டினர். செல்வர் ஒதுக்கிய மருந்தை ஏழைகளுக்குக் கொடுப்பது அறமா என்ற கேள்வியும் எழுந்தது. இக்கேள்விக்கு ஆய்வின் மூலமே விடை காண வேண்டியிருந்தது. மேற்கு வங்க ஊர்ப்புறக் குழந்தைகளிடம் பீனோபார்பிட்டாலையும் பெனிட்டாயினையும் ஒப்பிட்டு 1998 இல் வெளியிடப்பட்ட ஆய்வும், வங்காளதேசக் குழந்தைகளிடம் அதையும் கார்பமசெப்பைனையும் ஒப்பிட்டு 2007 இல் வெளியிடப்பட்ட ஆய்வும் நடத்தைக் கோளாறுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இதனால் அம்மருந்து குறையற்றது என்று பொருளாகாது. ஒப்பீட்டின் மறுபக்கத்தில் இருப்பது புதிய மருந்து அன்று, பெரும்பாலும் எம்மருந்தும் இல்லாத நிலையே என்பதையும் இவ்விவாதத்தில் கருத்திற்கொள்ள வேண்டும்.

சீன ஊரகச் செயற்றிட்டம்

உலக சுகாதார அமைப்பும், 1909 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகமும், நோயாளிகளுக்கான பன்னாட்டு வலிப்பு அமைப்பும் சேர்ந்து 1997 ஆம் ஆண்டில் "நிழலிலிருந்து வெளியே" என்ற உலகளாவிய பரப்புரையைத் தொடங்கின. அதன் அங்கமாகச் சீனாவில் ஒரு செயல்விளக்கத் திட்டம் 2000 முதல் 2004 வரை நடத்தப்பட்டது.

முதலில் எய்லோங்சியாங், நிங்சியா, எனான், சான்சி, சியாங்சு ஆகிய இடங்களின் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தனர். 55,616 பேரிடம் நடத்தப்பட்ட இக்கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்கு 7 பேர் என்ற அளவில் வாழ்நாளில் வலிப்பு நோய் கண்டவர்கள் இருந்தனர். நடப்பு நோய் உள்ளவர்களுள் 63 விழுக்காட்டினர் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் எந்த வலிப்பு மருந்தும் உட்கொள்ளவில்லை. 41 விழுக்காட்டினர் ஒருபோதும் தகுந்த மருத்துவம் பெற்றதில்லை.

பெருநகர மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை வரவழைக்கும் வழியைத் திட்டக் குழுவினர் தேர்ந்தெடுக்கவில்லை. சீன ஊர்களில் ஏற்கெனவே ஊர் மருத்துவர்கள் இருந்தனர். 1960களிலும் 70களிலும் "வெறுங்கால் மருத்துவர்கள்" என அழைக்கப்பட்டு, குறுகிய காலப் பயிற்சியுடன் ஊர்களில் பணியாற்றியவர்களின் வழிவந்த அமைப்பு இது. அவர்களுக்கும் வட்டார மருத்துவமனை மருத்துவர்களுக்கும் வலிப்பு நோயை அறிதல், மருந்தின் அளவைக் கூட்டுதல், பக்க விளைவுகளைக் கவனித்தல் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்பட்டது. நரம்பியல் வல்லுநர்கள் மேற்பார்வையாளர்களாக இருந்தனர்.

நோயறியும் விதிகள் வேண்டுமென்றே சுருக்கமாக வைக்கப்பட்டன. உடல் முழுவதும் விறைத்து உதறும் வலிப்பு உடையவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். இவ்வகையை நேரில் கண்ட உறவினரின் கூற்றைக் கொண்டே பெரும்பாலும் சரியாக அறிந்துகொள்ளலாம். பிற வகைகளை விட்டது குறையே எனினும், அரைகுறைப் பயிற்சியுடன் எல்லா வகைகளுக்கும் மருந்து கொடுத்துத் தவறு நேர்வதை இது தடுத்தது. தகுதி உடையவர்களுக்குப் பீனோபார்பிட்டால் மாத்திரை இலவசமாக வழங்கப்பட்டது. ஊர் மருத்துவர் குறித்த கால இடைவெளியில் நோயாளியைச் சந்தித்து, வந்த வலிப்புகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்.

2006 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. மொத்தம் 2,455 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். ஓராண்டு மருத்துவம் நிறைவு செய்த 1,897 பேருள் 68 விழுக்காட்டினருக்கு வலிப்பு எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு வலிப்பே வரவில்லை. பக்க விளைவுகளால் மருந்தை நிறுத்தியவர்கள் 32 பேர், அதாவது ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் மட்டுமே. திட்டப் பகுதிகளில் மருத்துவ இடைவெளி 63 விழுக்காட்டில் இருந்து ஏறத்தாழ 50 விழுக்காடாகக் குறைந்தது.

இறுதி எண்ணைக் கவனிக்க வேண்டும். மருந்து இலவசம், மருத்துவர் உள்ளூர்க்காரர், மேற்பார்வையும் உண்டு; இத்தனைக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவத்துக்கு வெளியே நின்றனர். இத்திட்டத்தின் வெற்றியைக் கூறும் பல கட்டுரைகள் இதனை அழுத்திச் சொல்வதில்லை. நோயை மறைக்கும் குடும்பங்களும், திட்ட விதிகளுக்குள் வராத பிற வலிப்பு வகைகளும் இலவச மாத்திரையால் மட்டும் நிரப்ப முடியாதவை.

இதே நோயாளிகளின் இறப்பு குறித்த தனி ஆய்வில், அவர்களின் இறப்பு வீதம் பொதுமக்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு எனத் தெரியவந்தது. விபத்துகளும் பக்கவாதமும் முதன்மைக் காரணங்கள். நீர்நிலைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. மாத்திரையுடன், தனியே குளிக்கச் செல்லாதிருத்தல் போன்ற எளிய அறிவுரைகளும் உயிர் காக்கும் என்பதை இது காட்டியது. 2005 முதல் சீன நடுவண் அரசு இத்திட்டத்தைத் தன் நிதியில் பிற மாநிலங்களுக்கும் விரிவாக்கியது.

பிற நாடுகளின் பட்டறிவு

சீனாவுக்கு முன்பே இவ்வழியில் முயற்சிகள் நடந்துள்ளன. கென்யாவின் நக்குரு பகுதியில் 302 நோயாளிகளுக்கு ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் வழியே பீனோபார்பிட்டால் அல்லது கார்பமசெப்பைன் கொடுக்கப்பட்டது. 1991 இல் வெளியான முடிவுகளின்படி இரு மருந்துகளும் ஒத்த பயனைத் தந்தன. மருத்துவத்தின் இரண்டாம் ஆறு மாதங்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலிப்பு வரவில்லை.

கருநாடகத்தின் எளந்தூர் வட்டத்தில் பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு 2001 இல் வெளியானது. ஊர்ப் பணியாளர்களின் துணையுடன் பீனோபார்பிட்டால் அல்லது பெனிட்டாயின் கொடுத்து நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஊர்ப்புறத்தில் நெடுங்காலம் மருந்தைத் தொடரச் செய்ய இயலும் என்பதே இதன் சிறப்பான பங்களிப்பு.

2012 முதல் உலக சுகாதார அமைப்பு கானா, மொசாம்பிக், மியன்மார், வியட்நாம் ஆகிய நாடுகளில் இதே அணுகுமுறையை அந்நாடுகளின் சுகாதார அமைச்சுகளுடன் சேர்ந்து செயற்படுத்தியது.

வல்லுநர் இன்றி நோயறிதல்

குறைந்த வருமான நாடுகளில் நரம்பியல் துறை வல்லுநர்கள் ஒரு இலட்சம் பேருக்கு 0.1 என்ற அளவிலும், செல்வ நாடுகளில் 7.1 என்ற அளவிலும் உள்ளனர் என 2017 ஆம் ஆண்டின் உலகக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. பத்து இலட்சம் மக்களுக்கு ஒரே ஒரு வல்லுநர் எனில், அவர் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்ப்பது இயலாது.

எனவே நோயறியும் பணி பிறரிடம் செல்ல வேண்டியுள்ளது. வலிப்பு நோயைப் பொறுத்தவரை இதற்கு ஒரு சாதகம் உண்டு. மூளை மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் காரணத்தையும் வகையையும் அறிய உதவுவன என்றாலும், நோயைத் தீர்மானிப்பது நிகழ்வைப் பற்றிய விவரிப்பே. விழுந்தாரா, விறைத்தாரா, நாக்கைக் கடித்தாரா, சிறுநீர் கழித்தாரா, தெளிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பன போன்ற கேள்விகளுக்கு நேரில் கண்டவரே விடை தர முடியும். இக்காரணத்தால் நோயாளியை மட்டும் தனியே அனுப்பாமல், வலிப்பைக் கண்டவரையும் உடன் வரச் சொல்லும்படி பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. வீட்டார் கைப்பேசியில் எடுத்த காணொளி இப்போது இவ்விவரிப்புக்குப் பெருந்துணையாக உள்ளது. கேள்விகளின் விடைகளைக் கொண்டு வலிப்பாக இருக்கும் நிகழ்தகவைக் கணக்கிட்டுக் கூறும் கைப்பேசிச் செயலி ஒன்று நேபாளத்திலும் இந்தியாவிலும் சோதிக்கப்பட்டுள்ளது. மயக்கம், மன அழுத்தத்தால் வரும் வலிப்பு போன்ற நிகழ்வு ஆகியவற்றைப் பிரித்தறிவதே இத்தகைய கருவிகளுக்குக் கடினமான பகுதி.

மருந்து வழங்கலில் தடைகள்

மருந்து மலிவாக இருப்பதும், அது ஊர் நிலையத்தில் இருப்பதும் வெவ்வேறு செய்திகள். 46 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2012 இல் வெளியான ஆய்வு, அரசு மருத்துவ நிலையங்களில் வலிப்பு மாத்திரைகள் கிடைக்கும் அளவு சராசரியாகப் பாதிக்கும் குறைவு எனக் கண்டது. தனியார் கடைகளில் பன்னாட்டு ஒப்பீட்டு விலையைப்போலப் பல மடங்கு விலை கேட்கப்பட்டது.

பீனோபார்பிட்டாலுக்குத் தனியான சிக்கல் ஒன்று உண்டு. 1971 ஆம் ஆண்டின் உளத்தூண்டல் பொருள்கள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் நான்காம் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. தவறான பயன்பாட்டைத் தடுக்க வந்த இவ்விதியால் இறக்குமதி அனுமதி, தனிப் பதிவேடு, பூட்டிய அலமாரி ஆகிய தேவைகள் எழுகின்றன. ஆவணங்களைக் கையாளப் போதிய ஆள் இல்லாத சிறிய நாட்டில் இது பல மாதத் தாமதமாக மாறுகிறது. குறைந்த இலாபம் தரும் மருந்து என்பதால் அத்தாமதத்தைப் போக்க வணிகருக்கும் ஆர்வம் இருப்பதில்லை.

தாமதத்தின் விளைவு வலிப்பு நோயில் பிற நோய்களைவிடக் கடுமையானது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வலுவாகத் திரும்புவதுடன், இடைவிடாத தொடர் வலிப்பாக மாறி உயிரையும் பறிக்கலாம். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து உட்கொண்டவர் நான்காம் மாதம் "இருப்பு இல்லை" எனத் திருப்பி அனுப்பப்படுவது மருத்துவம் தொடங்காமல் இருப்பதைவிட ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே ஒரு பகுதியில் மருத்துவத்தைத் தொடங்கும் முன், குறைந்தது சில மாதங்களுக்கான கையிருப்பை உறுதிசெய்வது மருத்துவர் பயிற்சிக்கு நிகரான முதன்மை உடையது.

பெண்களுக்கான மருந்துத் தேர்வு மற்றொரு தடை. வால்புரோயேட்டு கருவில் உள்ள குழந்தைக்கு உடற்குறைகளையும் அறிவு வளர்ச்சிக் குறையையும் உண்டாக்கும் ஆபத்து மிகுந்தது. பீனோபார்பிட்டாலும் கருவுக்கு முழுதும் பாதுகாப்பானது அன்று. கருவுறும் வயதுப் பெண்களுக்கு ஏற்ற லமோட்ரிசின், லெவெட்டிராசெட்டம் ஆகியவை பல ஊர் நிலையங்களை இன்னும் எட்டவில்லை.

பெயரும் இழிவும்

மருந்து அருகில் இருந்தும் உட்கொள்ளாமல் இருப்போர் உண்டு. நோய் வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும், வேலை போகும், பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். பல சமூகங்களில் இந்நோய் ஆவி பிடித்ததாகவோ தொற்றுநோயாகவோ கருதப்படுகிறது. எனவே முதலில் மந்திரவாதியையோ கோயில் பூசாரியையோ நாடுகின்றனர். சில ஆப்பிரிக்கத் திட்டங்களில் மரபு மருத்துவர்களையே நோயாளிகளை அனுப்பி வைப்பவர்களாகப் பயிற்றுவித்தனர். அவர்களைப் பகைத்துக்கொண்டு அவ்வூர்களில் பணியாற்றுவது எளிதன்று என்பதால் இது அறிவார்ந்த வழியே.

பெயரிலும் இழிவு உறைந்துள்ளது. சீனப் பேச்சு வழக்கில் இந்நோய்க்கு ஆட்டுப் பித்து என்ற பொருள்படும் பெயரும், மலாய் மொழியில் பன்றிப் பித்து என்ற பொருள்படும் பெயரும் இருந்துள்ளன. 2010 இல் ஆங்காங் மருத்துவர்கள் சீனப் பெயரை மாற்றி, மூளை நோய் என்பதைச் சுட்டும் சொல்லைக் கொண்டுவந்தனர். தமிழில் வழங்கும் "காக்காய் வலிப்பு" என்பது கால்-கை வலிப்பு என்பதன் மருவிய வடிவமே. காக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இல்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் தமிழக வழக்கத்துக்கும் பயன் எதுவும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுவதால் இரும்பினால் நின்றதுபோல் தோன்றுகிறது. செய்யத்தக்கது, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பதே. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சட்டங்களும் இழிவை வளர்த்துள்ளன. இந்தியாவில் இந்து திருமணச் சட்டம், 1955 வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தகுதிக்குறைவாகக் கூறியிருந்தது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அச்சொல் நீக்கப்பட்டது. பல ஆண்டுகளாக, நோயை மறைப்பதற்கு ஒரு குடும்பத்துக்குச் சட்டமே காரணம் கொடுத்திருந்தது.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகளால் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. அவர்களுள் சிலருக்கு மூளை அறுவை மருத்துவம் பலனளிக்கும். இது செல்வ நாடுகளுக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்டு வந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 இல் தொடங்கிய அறுவைத் திட்டம், நோயாளியை உரிய முறையில் தேர்ந்தெடுத்தால் குறைந்த செலவிலும் இதைச் செய்யலாம் எனக் காட்டியது. ஆயினும் ஊர் நிலையத்தில் நோயறியப்படாதவர் இத்தகைய மருத்துவமனையின் வாயிலை எட்டுவதில்லை.

பன்னாட்டு இலக்குகள்

2015 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை வலிப்பு நோய் குறித்துத் தனித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. 2022 இல் அதே பேரவை, வலிப்பு உள்ளிட்ட நரம்பியல் நோய்களுக்கான 2022–2031 செயல்திட்டத்தை ஏற்றது. வலிப்பு நோயாளிகளுக்கான மருத்துவச் சேவையின் பரப்பை 2021 ஆம் ஆண்டின் நிலையில் இருந்து 50 விழுக்காடு உயர்த்துவது அதன் இலக்குகளுள் ஒன்று.

"90-80-70" எனச் சுருக்கமாக அறியப்படும் இலக்கும் இத்துடன் இணைந்தது. நோயுள்ளவர்களுள் 90 விழுக்காட்டினர் தமக்கு இருப்பது மருத்துவத்துக்கு உட்பட்ட மூளை நோய் என அறிந்திருத்தல், அவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு மருந்து கிடைத்தல், மருந்து பெறுவோருள் 70 விழுக்காட்டினருக்கு வலிப்பு அடங்குதல் ஆகியன அதன் மூன்று படிகள். இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுவன. மூன்று படிகளும் முழுமையாக எட்டப்பட்டாலும், மொத்த நோயாளிகளுள் வலிப்பு அடங்கியவர்கள் ஏறத்தாழ 50 விழுக்காட்டினராகவே இருப்பர். நால்வருள் ஒருவருக்கே மருந்து கிடைக்கும் நாட்டில், மருந்து பெறுவோருள் 70 விழுக்காட்டினருக்கு வலிப்பு அடங்கினாலும், இந்த எண் 18 விழுக்காட்டைத் தாண்டாது.